வாடகை முன்பணம் கொடுக்கும் முன் பள்ளி வாசலில் நில்லுங்கள்

பெங்களூரிலிருந்து ஜூன் மாதம் சென்னைக்குக் குடிவரப்போகும் ஒரு தாயின் கேள்வி இது. கணவருக்குக் கிண்டியில் தனியார் நிறுவன வேலை. மகள் அங்கே சிபிஎஸ்இ பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. மகனுக்கு ஆகஸ்ட் 20 அன்று மூன்று வயது முடிகிறது. எந்த போர்டு, எந்தப் பள்ளி, இவ்வளவு தாமதமாகப் போனால் இடம் கிடைக்குமா, என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

நான் ஆசிரியர் இல்லை. மேற்கு மாம்பலம் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியின் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். சேர்க்கைப் பதிவேடு எழுதியதும் நான்தான், டி.சி. எழுதியதும் நான்தான். ஒரு பிள்ளை எதற்காகப் பள்ளிக்கு வருகிறது, எதற்காக விட்டுப் போகிறது என்று அந்த இரண்டு நோட்டும் சொல்லிவிடும். படிப்பு சரியில்லை என்று டி.சி. வாங்கியவர்கள் குறைவு. தூரம் தாங்கவில்லை என்று வாங்கியவர்கள்தான் அதிகம்.

அதனால் போர்டைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். கிண்டியில் வேலை என்றால் வேளச்சேரி, ஆதம்பாக்கம், நங்கநல்லூர், சைதாப்பேட்டை, அசோக் நகர், மாம்பலம் என்று எங்கே வேண்டுமானாலும் வீடு பார்க்கலாம். கணவருக்கு மெட்ரோ இருக்கிறது, மின்சார ரயில் இருக்கிறது, எங்கிருந்தாலும் போய்விடுவார். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே தண்டவாளமோ ஜிஎஸ்டி சாலையோ குறுக்கிடுகிறதா என்று பாருங்கள். குறுக்கிட்டால் மேப்பில் ஒன்றரை கிலோமீட்டர் என்று காட்டுவது காலை எட்டு மணிக்கு நாற்பது நிமிடம் ஆகிவிடும். நவம்பர் வந்தால் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையும் மாம்பலத்து அரங்கநாதன் சுரங்கப்பாதையும் எப்போது நிரம்பும் என்று சொல்ல முடியாது. மழை விடுமுறை விட்ட நாளில் பிரச்சினை இல்லை. காலையில் தூறலாக இருந்து, விடுமுறை விடாமல், மதியம் கொட்டித் தீர்க்கும் நாள் ஒன்று வரும் பாருங்கள், அன்றைக்குத்தான் பக்கத்துப் பள்ளியின் அருமை தெரியும்.

வேன் இருக்கிறதே என்பீர்கள். வேன்காரர் பெரும்பாலும் இரண்டு டிரிப் அடிப்பார். முதல் டிரிப் பிள்ளைகளைச் சீக்கிரமே கொண்டுவந்து இறக்கிவிட்டு அடுத்த டிரிப்புக்குப் போவார். எங்கள் அலுவலகத்து மர பெஞ்சில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் ஏழே முக்காலுக்கு வந்து உட்காருவான். டிபன் பாக்ஸை மடியில் வைத்து, மதியத்துக்குக் கொடுத்துவிட்ட இட்லியில் ஒன்றைப் பிய்த்துத் தின்பான், மூடுவான், மறுபடி திறப்பான். பிரேயர் மணி அடிப்பதற்குள் பாதி தூக்கத்தில் இருப்பான். பள்ளி தேடும்போது வேன் வசதி உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனையாவது டிரிப் என்று ஒருவரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அதற்குப் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன, வருடாவருடம் ஆய்வு நடக்கிறது. அந்த விதிகள் பள்ளியின் மஞ்சள் பேருந்தில் நன்றாகவே தெரியும். பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, முதுகுப் பைகளை வெளியே தொங்கவிட்டுப் போகும் ஆட்டோவில் தெரியாது.

இப்போது போர்டுக்கு வருகிறேன். சென்னையில் 'மெட்ரிக்' என்ற பெயரைப் பார்த்து அது தனிப் பாடத்திட்டம் என்று இன்னமும் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியன்டல் என்று நான்கு வகை. 2010-11இல் ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் சமச்சீர்க் கல்வி என்ற பொதுப் பாடத்திட்டம் வந்தது. மறுவருடம் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மற்ற வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. இன்று மெட்ரிக் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் எழுதுவது ஒரே பத்தாம் வகுப்புத் தேர்வு. மீதி வித்தியாசம் எல்லாம் பயிற்றுமொழி, கட்டணம், கட்டடம், யார் நிர்வாகம் என்பதில்தான்.

சிபிஎஸ்இயா ஸ்டேட் போர்டா என்ற பட்டிமன்றத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எடுக்கப்பட்டு ஏறக்குறைய இருபது வருடம் ஆகிறது. கணிதம், இயற்பியல், வேதியியலில் பிளஸ் டூ மதிப்பெண் வைத்து 200க்குக் கட்-ஆஃப் போட்டு அண்ணா பல்கலைக்கழக இடங்களையும் மற்ற கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களையும் கலந்தாய்வில் நிரப்புகிறார்கள். மருத்துவத்துக்கு நீட். ஐஐடிக்கு ஜேஇஇ. இந்த இரண்டும் இலக்கு என்றால் என்சிஇஆர்டி புத்தகத்தை எப்படியும் படித்தாக வேண்டும், எந்த போர்டில் இருந்தாலும். இப்படிப்பட்ட இலக்கை ஏழாம் வகுப்பிலேயே யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை. பதினொன்றாம் வகுப்பில் மாறிக்கொள்ளலாம், மாறுகிறார்கள். 2025-26 முதல் ஸ்டேட் போர்டில் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வும் இல்லை.

உங்கள் மகள் விஷயத்தில் போர்டை விடப் பெரிய கேள்வி தமிழ். 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம், பொதுத்தேர்வும் உண்டு. சிபிஎஸ்இ பள்ளிகளிலும் 2015-16 தொடங்கிப் படிப்படியாகத் தமிழ் கற்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அங்கே பத்தாம் வகுப்பு வாரியத் தேர்வை வேறு மொழி எடுத்து எழுதிவிடலாம். ஆகவே பயமாக இருக்கிறது என்றால் சிபிஎஸ்இயிலேயே தொடரலாம், ஒரு குறையும் இல்லை. என் அபிப்பிராயம் கேட்டால், மூன்றரை வருடம் இருக்கிறது, படிக்கட்டும். பேசத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து வர ஆறு மாதம் போதும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. புனேயிலிருந்து ஒரு பெண் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்ந்தாள். முதல் வாரம் அலுவலக அறிவிப்புப் பலகையில் விரல் வைத்து 'வி-டு-மு-றை' என்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள், றகரத்துக்கு வந்ததும் என்னைப் பார்த்தாள். அவளுடைய தமிழம்மா புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டார். தினமும் பள்ளிக்கு வரும் வழியில் ஐந்து பேருந்துப் பலகை, ஐந்து கடைப் பலகை படித்துவிட்டு வந்து பார்க்காமல் எழுத வேண்டும். அவ்வளவுதான் வீட்டுப்பாடம். 'வள்ளலார் நகர்', 'திருவான்மியூர்', 'கீழ்க்கட்டளை' என்று நோட்டு நிரம்பியது. காலாண்டுத் தேர்வில் பதினொரு மதிப்பெண். முழு ஆண்டில் நாற்பத்து மூன்று. பத்தாவதில் தமிழ் அவளுக்குத் தடையாக இருக்கவில்லை. ஆனால் இதற்கு அப்படி ஒரு தமிழாசிரியர் வேண்டும். பள்ளி பார்க்கப் போகும்போது முதல்வரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஏழாம் வகுப்புத் தமிழாசிரியரிடம் ஐந்து நிமிடம் பேச அனுமதி கேளுங்கள். வெளி மாநிலத்துப் பிள்ளை என்றதும் அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே போதும்.

அரசுப் பள்ளி வேண்டாம் என்று நீங்கள் எழுதவில்லை, வேண்டும் என்றும் எழுதவில்லை. பெருநகர மாநகராட்சியிடம் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. பல தொடக்கப் பள்ளிகளில் எல்கேஜி, யுகேஜி உண்டு, ஆங்கில வழியும் உண்டு. அரசின் பள்ளிகளில் சிலவற்றுக்குத் தனியார் பள்ளிக்கு இணையான கூட்டம். அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்காதா என்று கேட்டு வந்தவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அது கிண்டிக்குப் பக்கம்தான், போய்ப் பாருங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கோட்டை விடுகிறார்கள். மருத்துவப் படிப்பில் 2020 முதல் உள்ள 7.5 சதவீத இட ஒதுக்கீடு, அடுத்த வருடம் பொறியியல் போன்ற தொழிற்கல்விக்கும் வந்தது, ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உங்கள் மகள் ஆறாம் வகுப்பை பெங்களூரில் முடித்துவிட்டாள். ஏழில் அரசுப் பள்ளியில் சேர்ந்தாலும் அந்தக் கணக்கில் வரமாட்டாள். மகனுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. அதேபோல அரசு உதவிபெறும் பள்ளிக்கு இந்த 7.5 கிடையாது. அரசு சம்பளம் கொடுக்கிறதே, அதுவும் அரசுப் பள்ளிதானே என்று நினைத்துக்கொண்டு கடைசி வருடத்தில் வந்து அழுத பெற்றோர் உண்டு. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதமும் அப்படித்தான். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ் வழி என்று காட்ட வேண்டும்.

உதவிபெறும் பள்ளி என்பதே வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத ஒன்று. நிர்வாகம் ஒரு சபையோ அறக்கட்டளையோ, ஆசிரியர் சம்பளம் அரசாங்கம். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், தி.நகர், சேத்துப்பட்டு என்று நகரத்தின் பழைய பள்ளிகளில் பல இந்த வகை. கட்டணம் மிகக் குறைவு, பாடப்புத்தகம் இலவசம். தொடக்க வகுப்பில் காலை உணவும் 2025 ஆகஸ்ட் முதல் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரே வளாகத்தில் ஒரு பிரிவு உதவிபெறுவதாகவும் இன்னொரு பிரிவு சுயநிதியாகவும் இருக்கும். ஆங்கில வழி பெரும்பாலும் சுயநிதி. அங்கே கட்டணம் உண்டு. சேரும்போதே 'இது எய்டட் செக்ஷனா, செல்ஃப் ஃபைனான்ஸா' என்று கேட்டு ரசீதில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேந்திரிய வித்யாலயா பற்றியும் எல்லோரும் கேட்பார்கள். ஐஐடி வளாகம், அடையாறு சிஎல்ஆர்ஐ, அசோக் நகர், மீனம்பாக்கம் என்று உங்கள் பக்கத்திலேயே நான்கு இருக்கின்றன. மத்திய அரசு ஊழியர், ராணுவத்தினர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. தனியார் வேலை என்றால் வரிசையில் கடைசி. எம்.பி. கடிதம் கொடுத்துச் சேர்க்கும் வழியும் 2022இல் போய்விட்டது. ஒன்றாம் வகுப்புக்கு அங்கே மார்ச் 31க்குள் ஆறு வயது முடிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மகனுக்காக நினைவில் வையுங்கள். மாநிலப் பள்ளிகளில் ஜூலை 31க்குள் ஐந்து முடிந்தால் போதும்.

மகனுக்கு வருகிறேன். எல்கேஜிக்கு வழக்கமாக ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். உங்கள் பையன் இருபது நாள் பிந்துகிறான். சில தனியார் பள்ளிகள் பரவாயில்லை என்று சேர்த்துக்கொள்ளும். வேண்டாம். ஒரு வருடம் அங்கன்வாடியிலோ பக்கத்துத் தெரு விளையாட்டுப் பள்ளியிலோ மணலில் புரளட்டும். வகுப்பிலேயே சின்னவனாக இருப்பதை விடப் பெரியவனாக இருப்பது பிள்ளைக்கு எவ்வளவு நல்லது என்று எந்த யுகேஜி ஆசிரியையைக் கேட்டாலும் சொல்வார். பிறந்த தேதியை மாற்றிப் போடும் பழைய வித்தையெல்லாம் இப்போது ஆதார் வந்தபிறகு நடக்காது. நடந்த காலத்திலும் அது ஓய்வு பெறும் வயதில் வந்து கடித்தது.

அடுத்த வருடம் அவனுக்கு எல்கேஜி தேடும்போது ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டப்படியான சேர்க்கையையும் பாருங்கள். தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் கட்டணமில்லாமல். வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருந்தால்தான் என்று பலர் விண்ணப்பிப்பதே இல்லை. அந்த வரம்பு நலிவடைந்த பிரிவுக்கு. வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு என்று இன்னொன்று இருக்கிறது. எஸ்சி, எஸ்டி, எம்பிசி, பிசி சாதிச் சான்றிதழ் உள்ளவர்கள் அதில் வருவார்கள். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். சிறுபான்மை நிறுவனங்களுக்கு இது பொருந்தாது. சென்னையில் பேர்பெற்ற கான்வென்ட்கள் பலவும் அந்தப் பட்டியலில் வராததற்குக் காரணம் அதுதான். வழக்கமாகக் கோடையில் இணையத்தில் திறப்பார்கள். 2025-26இல் மத்திய நிதி வராமல் அக்டோபர் வரை இழுத்துவிட்டது.

கட்டணம். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்பு வாரியாகத் தொகை இணையத்தில் கிடைக்கும். பள்ளி சொல்லும் தொகைக்கும் அதற்கும் இடையே உள்ள வித்தியாசம் எந்தப் பெயரில் வருகிறது என்று கேளுங்கள். ஸ்மார்ட் கிளாஸ், ஆக்டிவிட்டி, 'கிட்' என்று வரும். என் பேத்தியைச் சேர்க்கப் போன இடத்தில் ஒரு பெரிய தொகையைச் சொல்லி, கட்டட நிதி, ரசீது கிடையாது என்றார்கள். எழுதியாவது கொடுங்கள் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டுப் புன்னகைத்தார் அந்த அம்மையார். நாங்களும் புன்னகைத்துவிட்டு எழுந்து வந்தோம். நன்கொடை வாங்குவதும், குழந்தைக்கும் பெற்றோருக்கும் இன்டர்வியூ வைத்துத் தேர்ந்தெடுப்பதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவை இன்டர்வியூவுக்கு 25,000 ரூபாய் வரை அபராதம். புகார் கொடுத்துவிட்டு அதே பள்ளியில் பிள்ளையை விட யாருக்கும் மனசு வராது என்பதால்தான் இது ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்க வேண்டுமென்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது.

இடம் கிடைக்குமா? ஏழாம் வகுப்புக்குக் கிடைக்கும். பெரிய சிபிஎஸ்இ பள்ளிகள் முந்தைய வருடக் கடைசியிலேயே விண்ணப்பம் வாங்கிவிடும் என்பது எல்கேஜி கதை. நடு வகுப்பில் இடம் காலியாவது மே கடைசியிலும் ஜூன் முதல் இரண்டு வாரத்திலும், அப்பாவுக்கு மாற்றல் வந்த பிள்ளைகள் டி.சி. வாங்கும்போது. 'நோ அட்மிஷன்' என்று வாசலில் பலகை தொங்கும் அதே நாளில் உள்ளே நான் மூன்று டி.சி. எழுதிக்கொண்டிருப்பேன். வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். அலுவலகத்தில் போய், 'ஏழாம் வகுப்பில் இந்த வாரம் டி.சி. ஏதாவது போனதா' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பெற்றோருக்கு எந்தக் குமாஸ்தாவும் நேராகப் பதில் சொல்வார்.

காகித வேலையை பெங்களூரிலேயே முடியுங்கள். டி.சி.யில் அங்குள்ள கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்கும் பள்ளிகள் இங்கே உண்டு. குடிவந்தபின் அதற்காக ஒரு ரயில் பயணம் போவதை விட முன்பே வாங்கிவிடுவது நல்லது. நாடு முழுதும் மாணவருக்குக் கொடுக்கும் நிரந்தரக் கல்வி எண்ணான பென் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளி கணினியில் விடுவித்தால்தான் புதிய பள்ளி இழுத்துக்கொள்ள முடியும். இங்கே அதற்கு மேல் எமிஸ் எண் என்று மாநிலக் கல்வித் துறையின் மாணவர் எண் ஒன்றும் போடுவார்கள். எட்டாம் வகுப்பு வரை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் டி.சி. தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

கடைசியாகப் பெயர். கர்நாடகத்தில் முழுப் பெயராக, அப்பா பெயரோடு சேர்த்து எழுதியிருப்பார்கள். இங்கே தலைப்பெழுத்து கேட்பார்கள், அதையும் தமிழில் எழுதச் சொல்லி அரசாணை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, டி.சி.யில் ஒன்று என்று இருந்தால் சேர்க்கும் அன்றே ஒன்றாக்கிவிடுங்கள். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதுவது பதிவேட்டுக்குப் போகும், பதிவேட்டில் இருப்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் போகும். அங்கே அச்சான பிறகு ஓர் எழுத்தைத் திருத்த ஒரு வருடம்கூட அலைந்தவர்கள் இருக்கிறார்கள். சேர்க்கை நாளில் குமாஸ்தா பதிவேட்டைத் திருப்பிக் கையெழுத்துப் போடச் சொல்வார். பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள், அவரும் அவசரப்படுத்துவார். அவசரப்படாதீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.